நானோ மருந்தை அளக்கப் பழகுவோம்: ஒரு சிவப்புக் குப்பியிலிருந்து

நானோ மருந்து ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களைப் பெரும்பாலும் முதலில் டி.எல்.எஸ். (டைனமிக் லைட் ஸ்கேட்டரிங்) என்ற, சிதறும் ஒளியை வைத்துத் துகளின் அளவைச் சொல்லும் கருவி முன்னால்தான் உட்கார வைக்கிறார்கள். குப்பியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, டைல்யூட் செய்து, க்யூவெட்டில் ஊற்றி, பொத்தானை அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் திரையில் ஓர் எண் வந்துவிடும். 87 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை நோட்டில் எழுதிக்கொண்டு எழுந்து போய்விடலாம். அப்படிப் போய்விடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கொடுத்த தகவல்களை நம்பி, நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு அந்தக் கருவி சொன்ன பதில்தான் அந்த 87. வேறு கருவியிடம் கேட்டால் வேறு எண் வரும், இரண்டுமே சரியாகவும் இருக்கும். ஏன் மாறுகிறது என்று சொல்லத் தெரிந்தால்தான் துகளை அளந்திருக்கிறோம் என்று பொருள்.

எல்லா நானோ மருந்துகளையும் ஒரே கட்டுரையில் பேச முடியாது. அதனால் ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொள்கிறேன்: பெகைலேட்டட் லிப்போசோமல் டாக்ஸோரூபிசின். டாக்ஸில் என்ற பெயரில் 1995இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த புற்றுநோய் மருந்து இது. அனுமதி பெற்ற முதல் நானோ மருந்து என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். 2011இன் கடைசியில் தயாரிப்பு தடைப்பட்டு அங்கே தட்டுப்பாடு வந்தபோது, இந்திய நிறுவனமான சன் பார்மாவின் லிப்போடாக்ஸைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய 2012இல் எஃப்.டி.ஏ. ஒத்துக்கொண்டது; 2013 பிப்ரவரியில் சன் பார்மாவின் ஜெனரிக்குக்கு அனுமதி கிடைத்தது. சாதாரண மாத்திரைக்கு ஜெனரிக் செய்கிறவர்கள் மூலக்கூறு அதேதான், ரத்தத்தில் ஏறும் அளவும் ஒத்துப்போகிறது என்று காட்டினால் பெரும்பாலும் போதும். இங்கே மூலக்கூறு அதேயாக இருந்தாலும் அதைச் சுமக்கும் பை மாறினால் மருந்து உடம்பில் போகும் இடமே மாறிவிடும். அதனால் பையையும் அளக்க வேண்டியிருக்கிறது.

பை என்றால் என்ன? எச்.எஸ்.பி.சி. என்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் சேர்ந்த ஈரடுக்குச் சவ்வாலான குட்டிக் குமிழி. மேலே பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) என்ற பாலிமர் சங்கிலிகள் மயிர் போல நீட்டிக்கொண்டிருக்கும். குறுக்களவு ஏறத்தாழ 80 முதல் 100 நானோமீட்டர். குமிழிக்குள் முதலில் அம்மோனியம் சல்ஃபேட்டை நிரப்பி, வெளியே இருப்பதை அகற்றிவிட்டு, பிறகு மருந்தைச் சேர்ப்பார்கள். மருந்து தானாக உள்ளே போய், சல்ஃபேட்டுடன் சேர்ந்து படிகமாக உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு குமிழிக்குள்ளும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள்! இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் ஒவ்வொரு கருவியும் இதில் ஒரு மூலையைத்தான் காட்டும்.

முதலில் கண்

கருவி பக்கம் போகும் முன் குப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிவப்பாக, ஒளி ஊடுருவும் அளவுக்குக் கலங்கலாக இருக்க வேண்டும். அடியில் படிவோ கண்ணுக்குத் தெரியும் துணுக்கோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, அந்தக் குப்பி எப்படி வந்தது, எங்கே இருந்தது என்று விசாரியுங்கள். இதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறையவே விடக் கூடாது. ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்த குப்பி இரவில் உறைந்து காலையில் உருகியிருந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாமல்கூடப் போகலாம். வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் போட்டுக் குலுக்காதீர்கள், மெதுவாக நாலைந்து முறை தலைகீழாகக் கவிழ்த்தால் போதும். லாட் எண், திறந்த தேதி, திறந்த நேரம் எல்லாம் நோட்டில் ஏறட்டும். இன்னொன்று, இது செல்களைக் கொல்லும் மருந்து. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். டிப், க்யூவெட் எல்லாவற்றையும் தனிக் கழிவுத் தொட்டியில் போடுங்கள்.

எதில் டைல்யூட் செய்வது?

நான் சேர்ந்த புதிதில் இதில்தான் அடிபட்டேன். மாதிரியை அதன் சொந்தத் திரவத்திலேயே, அதாவது 10% சுக்ரோஸும் ஹிஸ்டிடின் பஃபரும் கலந்த கரைசலில், டைல்யூட் செய்தேன். அதுவரை சரி. ஆனால் மென்பொருளில் கரைப்பான் என்று கேட்கும் இடத்தில் ஏற்கெனவே இருந்த 'தண்ணீர்' என்பதை மாற்றாமல் விட்டுவிட்டேன். 112 நானோமீட்டர் என்று வந்தது. மாதிரி திரண்டுவிட்டது என்று முடிவு கட்டி, இரண்டு நாள் குப்பி குப்பியாகத் திறந்து அளந்தேன். எல்லாம் 110க்கும் 114க்கும் நடுவில். திரண்டிருந்தால் இவ்வளவு ஒழுங்காக வருமா என்று மூன்றாம் நாள்தான் தோன்றியது.

விஷயம் இதுதான். டி.எல்.எஸ். அளவை நேரடியாக அளப்பதில்லை. திரவத்துக்குள் துகள் எவ்வளவு வேகமாக அலைகிறது என்பதை, அதிலிருந்து சிதறும் லேசர் ஒளியின் துடிப்பை வைத்துக் கண்டுபிடிக்கிறது. பிறகு ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் வெப்பநிலையையும் பாகுத்தன்மையையும் போட்டு அளவைக் கணக்கிடுகிறது. 25 டிகிரியில் தண்ணீரின் பாகுத்தன்மை 0.89 மில்லிபாஸ்கல் செகண்ட். 10% சுக்ரோஸ் கரைசலுக்கு அது சுமார் 1.17. சர்க்கரைத் தண்ணீரில் துகள் மெதுவாக நகர்ந்ததைப் பார்த்து, துகள் பெரிதாக இருப்பதால்தான் மெதுவாகப் போகிறது என்று கருவி எடுத்துக்கொண்டது. 112ஐ 1.31ஆல் வகுத்தால் 85. மருந்து நன்றாகவே இருந்திருக்கிறது.

சரி, அப்படியானால் வெறும் தண்ணீரிலேயே டைல்யூட் செய்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். குமிழிக்குள் உப்பு இருக்கிறது. வெளியே வெறும் தண்ணீர் என்றால் தண்ணீர் உள்ளே ஏறி, குமிழி வீங்கப் பார்க்கும், மருந்தும் கசியலாம். மாதிரி எந்தத் திரவத்தில் வாழ்கிறதோ அதிலேயே டைல்யூட் செய்து, அந்தத் திரவத்தின் பாகுத்தன்மையையும் ஒளிவிலகல் எண்ணையும் மென்பொருளில் போடுங்கள். டைல்யூட் செய்யும் திரவத்தை 0.1 அல்லது 0.2 மைக்ரோமீட்டர் ஃபில்டரில் வடிகட்டுங்கள். மாதிரியை வடிகட்டாதீர்கள், நீங்கள் தேட வேண்டிய திரள்களே ஃபில்டரில் தங்கிவிடும்.

டி.எல்.எஸ். திரையைப் படிப்பது

புதியவர்கள் சராசரி எண்ணைப் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் கோரலேஷன் வளைவை, அதாவது ஒளியின் துடிப்பு நேரம் போகப் போக எப்படி மாறுகிறது என்று காட்டும் கோட்டை, பாருங்கள். தொடக்கத்தில் தட்டையாகக் கிளம்பி, ஒரே சரிவாக வழுக்கி இறங்கி, அடியில் அசையாமல் படுத்துவிட வேண்டும். அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இழுத்துக்கொண்டே போனால் உள்ளே தூசியோ திரளோ மிதக்கிறது. அந்த அளவீட்டில் வந்த சராசரியைப் பற்றிப் பேசவே வேண்டாம். துகள்களின் அளவு எவ்வளவு விரிந்து கிடக்கிறது என்று சொல்லும் பி.டி.ஐ. 0.1க்குக் கீழே என்றால் துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவு. 0.3ஐத் தாண்டினால் இஸட்-ஆவரேஜ் என்று திரை காட்டும் சராசரி அளவு என்ற ஒற்றை எண்ணுக்கு அதிகம் பொருள் இல்லை.

சிறிய துகள்களில் சிதறும் ஒளி, அளவின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. 10 நானோமீட்டர் துகளைவிட 100 நானோமீட்டர் துகள் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். கல்யாணப் பந்தலில் ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருந்தாலும் ஒலிபெருக்கி ஒன்றைப் போட்டால் அதுதான் காதில் விழும், அந்த மாதிரி. அதனால் கொஞ்சம் திரள் இருந்தாலும் டி.எல்.எஸ். கண்டுபிடித்துவிடும், அந்த விதத்தில் நல்ல காவலாளி. ஆனால் சிறிய துகள்கள் கூட்டமாக இருந்தாலும் அதற்குத் தெரியாது. மென்பொருளில் 'எண்ணிக்கைப் பரவல்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சிறிய, அழகான எண் ஒன்று வரும். அது அளந்தது இல்லை, ஒளியின் பரவலிலிருந்து ஊகங்களோடு மாற்றிக் கணக்கிட்டது. அறிக்கையில் அதை முதன்மை எண்ணாகப் போடாதீர்கள்.

மூன்று வெவ்வேறு டைல்யூஷனில் அளந்து பாருங்கள். அளவு மாறாமல் இருந்தால் நல்லது. மாறினால் துகள்கள் ஒன்றையொன்று பாதிக்கின்றன, அல்லது ஒளி பல முறை சிதறுகிறது. வாரம் ஒரு முறையாவது 100 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் ஸ்டாண்டர்டைப் போட்டுக் கருவியைச் சரிபாருங்கள். அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் 10, 30, 60 நானோமீட்டர் என மூன்று தங்கத் துகள் ஒப்பீட்டு மாதிரிகளை வெளியிட்டிருக்கிறது, அவையும் இதற்குத்தான்.

பிரித்துப் பார்ப்பது, எண்ணிப் பார்ப்பது

கூட்டமாகப் பார்த்தால் ஒலிபெருக்கி மறைத்துவிடுகிறது என்றால், முதலில் பிரித்துவிட்டு அளப்பதுதான் வழி. ஏ.எஃப்.4 (அசிமெட்ரிக்கல் ஃப்ளோ ஃபீல்டு-ஃப்ளோ ஃபிராக்ஷனேஷன்) என்று சுருக்கமாகச் சொல்லும் முறை இதைச் செய்கிறது. இதன் மூலக் கருத்தை 1966இல் கால்வின் கிடிங்ஸ் முன்வைத்தார். மெல்லிய வாய்க்கால் ஒன்றில் திரவம் ஓடும். குறுக்கே இன்னொரு ஓட்டம் துகள்களைக் கீழே இருக்கும் சவ்வை நோக்கித் தள்ளும். வாய்க்காலில் நடுவில் வேகமும் கரையோரம் மந்தமும் இருக்கும் இல்லையா? சிறிய துகள்கள் சவ்விலிருந்து சுறுசுறுப்பாக எழுந்து நடு ஓட்டத்தில் ஏறி முதலில் வெளியே வரும். பெரியவை கரையை ஒட்டி ஊர்ந்து பின்னால் வரும். ஜெல் குரோமட்டோகிராஃபி பழகியவர்கள் கவனிக்க வேண்டும், அங்கே வரிசை நேர் எதிர்.

வெளியே வருகிறதை வரிசையாக மால்ஸ் (பல கோணங்களில் சிதறும் ஒளியை அளப்பது), டி.எல்.எஸ். கண்டறிவான்கள் வழியாக அனுப்பினால் ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு ஆரங்கள் கிடைக்கும்: மால்ஸ் தருவது துகளின் எடை எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஆரம், டி.எல்.எஸ். தருவது நகரும் வேகத்திலிருந்து கணக்கிட்ட ஆரம். முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள்: உள்ளே நிரம்பிய கோளத்துக்கு 0.775, வெறும் ஓடான கோளத்துக்கு 1. குமிழிக்குள் மருந்து நிரம்பியிருக்கிறதா, காலியா என்பதற்கு இது ஒரு நல்ல தடயம். ஆனால் மாதிரி சவ்வில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே போட்டதில் எவ்வளவு வெளியே வந்தது என்று ஒவ்வொரு தடவையும் கணக்கிடுங்கள். 70%க்குக் குறைவாக வந்தால் வளைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்ப வேண்டாம். ஒட்டிக்கொண்டது எந்த வகைத் துகள் என்று உங்களுக்குத் தெரியாதே.

துகள்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து எண்ணுகிற என்.டி.ஏ. இன்னொரு வழி. இங்கே டைல்யூஷன் கணக்கை உட்கார்ந்து போட வேண்டும். இந்த மருந்தின் ஒரு மில்லிலிட்டரில் உள்ள கொழுப்பின் எடையை வைத்துக் கணக்கிட்டால் சுமார் நூறு லட்சம் கோடி குமிழிகள் வரும், அதாவது 1க்குப் பின்னால் 14 சுழியங்கள். கருவிக்கு வேண்டியது மில்லிலிட்டருக்குப் பத்து கோடி முதல் நூறு கோடி. ஆக, லட்சம் மடங்குக்கும் மேல் டைல்யூட் செய்ய வேண்டும். ஒரே தாவலில் போகாமல் இரண்டு மூன்று படியாகப் போங்கள், பிப்பெட் பிழை ஒவ்வொரு படியிலும் பெருகும் என்பதையும் எழுதிவையுங்கள். லேசரின் நிறத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்ஸோரூபிசின் 480 நானோமீட்டர் ஒளியை வாங்கி ஆரஞ்சு-சிவப்பாக ஒளிரும். நீல லேசரில் மருந்தின் ஒளிர்வும் சேர்ந்து வந்து குழப்பும், இந்த மாதிரிக்குச் சிவப்பு லேசர்தான் ஏற்றது.

கிரையோ-டெம்: உள்ளே எட்டிப் பார்ப்பது

எனக்கு மிகப் பிடித்த படி இது. டெம் என்பது ஒரு வகை எலெக்ட்ரான் நுண்ணோக்கி. சாதாரண டெம்முக்குச் சாயம் போட்டு உலர்த்துவார்கள். லிப்போசோம் அதில் காற்றுப்போன பலூன் மாதிரி சப்பையாகிவிடும். கிரையோவில் உலர்த்துவதே இல்லை. மூன்று நான்கு மைக்ரோலிட்டர் மாதிரியை ஓட்டைகள் உள்ள கார்பன் கிரிட்டில் வைத்து, தாளால் ஒற்றி எடுத்து, திரவ ஈத்தேனில் சட்டென்று முக்குவார்கள். படிகமாக நேரம் கிடைக்காமல் தண்ணீர் கண்ணாடி போல உறைந்துவிடும், குமிழி இருந்தபடியே அதற்குள் சிக்கிக்கொள்ளும். இந்தத் துறையை வளர்த்ததற்காக துபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் மூவருக்கும் 2017இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

திரையில் முதல் முறை பார்க்கும்போது மறக்க முடியாது. வட்ட வட்டமாக மெல்லிய கறுப்புக் கோடு, அதுதான் ஈரடுக்குச் சவ்வு. வட்டத்தின் நடுவே குறுக்காக இன்னொரு கறுப்புக் கோடு, அது மருந்துப் படிகம். சில குமிழிகளைப் படிகம் உள்ளிருந்து தள்ளி முட்டை வடிவமாக்கியிருக்கும். காப்பிக்கொட்டை என்று இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது இதைத்தான், உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். உள்ளே சல்ஃபேட்டுக்குப் பதில் சிட்ரேட் இருந்தால் படிகம் வளைந்தும் தெரியும். மொத்த மருந்தின் அளவை எச்.பி.எல்.சி. என்ற வேதிப் பகுப்பாய்வுக் கருவி சொல்லிவிடும், அது எந்த நிலையில் உள்ளே இருக்கிறது என்பதை இந்தப் படம்தான் கண்ணுக்குக் காட்டும்.

அழகான ஒரு படத்தைப் பொறுக்கி எடுத்து அறிக்கையில் ஒட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பல ஓட்டைகளிலிருந்து படம் எடுத்து, சில நூறு குமிழிகளையாவது எண்ணுங்கள்: எத்தனை காலி, எத்தனையில் படிகம், எத்தனை ஒற்றைச் சவ்வு, எத்தனை குமிழிக்குள் குமிழி. பனிப்படலம் நடுவில் மெல்லியதாக இருப்பதால் பெரியவை ஓரத்துக்கு ஒதுங்கும். ஓரத்தை விட்டுவிட்டு நடுவை மட்டும் எண்ணினால் சராசரி குறைந்துதான் வரும். இன்னொரு பக்கம், டி.எல்.எஸ். பெக் மயிரையும் அதோடு இழுபடும் நீரையும் சேர்த்து அளக்கும். இந்தப் படத்தில் பெக் தெரியாது. டி.எல்.எஸ். 87 என்றும் கிரையோ 75 என்றும் சொன்னால் சண்டை ஒன்றும் இல்லை. கிரையோ 120 சொன்னால்தான் கவலைப்பட வேண்டும்.

மேற்பரப்பின் மின்சுமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைக் காட்டும் ஸீட்டா பொட்டன்ஷியல் உப்பின் அளவையும் பி.எச்.சையும் சார்ந்தது. இவை இரண்டையும் குறிப்பிடாத ஸீட்டா எண்ணால் பயன் இல்லை. வெறும் சுக்ரோஸ் கரைசலில் மின்கடத்தல் போதாது, 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு சேர்த்து அளப்பது வழக்கம். பெக் இருப்பதால் எண் சிறியதாகத்தான் வரும். அதைப் பார்த்து 'நிலைத்தன்மை இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். இந்தக் குமிழிகளைத் தள்ளி நிறுத்துவதில் பெரும் பங்கு பெக்குக்குத்தான்.

மருந்து உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

90%க்கு மேல் மருந்து குமிழிக்குள் இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க முதலில் வெளியே இருப்பதைப் பிரிக்க வேண்டும், ஜெல் நிரப்பிய குழாயிலோ அல்ட்ராஃபில்டரிலோ. டாக்ஸோரூபிசின் பிளாஸ்டிக்கிலும் சவ்விலும் ஒட்டிக்கொள்ளும் மருந்து. வடிகட்டியதில் மருந்தே இல்லை என்று வந்தால், வெளியே மருந்து இல்லை என்றும் இருக்கலாம், ஃபில்டர் குடித்துவிட்டது என்றும் இருக்கலாம். அதனால் தெரிந்த அளவு மருந்தை வேண்டுமென்றே மாதிரியில் சேர்த்து, அது முழுவதும் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனை இல்லாத என்கேப்சுலேஷன் எண்ணை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் சதவீதத்தை, நான் ஏற்றுக்கொள்வதில்லை.

ஒளிர்வு வழியிலும் பார்க்கலாம். உள்ளே நெருக்கிக்கொண்டிருக்கும்போது மருந்தின் ஒளிர்வு அடங்கியிருக்கும். ட்ரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்துக் குமிழியை உடைத்ததும் குபீரென்று ஏறும். இந்தச் சவ்வு கெட்டியானது, குளிர்ந்த ட்ரைட்டானுக்கு லேசில் மசியாது. 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, ஒளிர்வு இனி ஏறவில்லை என்று உறுதியான பிறகு படியுங்கள்.

கசிவுச் சோதனைக்கு மாதிரியை டயாலிசிஸ் பையில் ஊற்றி, பஃபருக்குள் 37 டிகிரியில் வைத்தால் நாள்கணக்கில் ஒன்றுமே வராமல் இருக்கலாம். படிகமாக உட்கார்ந்திருக்கிறதே! நல்ல மாதிரியையும் கெட்ட மாதிரியையும் பிரித்துக் காட்டாத சோதனையால் என்ன பயன்? அதனால்தான் இந்த மருந்தின் ஜெனரிக்குக்கான எஃப்.டி.ஏ. வழிகாட்டுதல் பல விதமாகக் குமிழியைச் சோதிக்கச் சொல்கிறது: 37 டிகிரியில் 50% மனித பிளாஸ்மாவில் 24 மணி நேரம், பி.எச். 5.5, 6.5, 7.5, வெப்பநிலை 43லிருந்து 57 டிகிரி வரை படிப்படியாக, அப்புறம் அல்ட்ராசவுண்ட் அதிர்வு. ஒவ்வொரு நிலையும் உடம்பில் குமிழி சந்திக்கிற ஒன்றையோ, சவ்வின் ஓர் இயல்பையோ குறிவைக்கிறது. எச்.எஸ்.பி.சி. உருகுநிலை 50ஐத் தாண்டி இருப்பதால்தான் அந்த வெப்பநிலைகள். முதல் மாதமே அந்த ஆவணத்தை அச்சடித்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2019இல் வெளியான நானோ மருந்து மதிப்பீட்டு வழிகாட்டுதலையும் கூடவே வையுங்கள்.

எண்டோடாக்ஸினை மறக்காதீர்கள்

விலங்குச் சோதனைக்குப் போவதற்கு முன், கட்டாயம் முன். அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய நானோ தொழில்நுட்ப அளவீட்டு ஆய்வகத்துக்கு வந்த மாதிரிகளில் கணிசமானவை எண்டோடாக்ஸின் கலந்தே வந்திருக்கின்றன. பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் இந்தப் பொருள் இருந்தால் விலங்குக்குக் காய்ச்சல் வரும். துகள்தான் அழற்சி தருகிறது என்று நினைத்து மாதக்கணக்கில் தப்பான வழியில் போவீர்கள். எண்டோடாக்ஸினைக் கண்டுபிடிக்கும் எல்.ஏ.எல். சோதனையின் நிறமாற்ற வகையை 405 நானோமீட்டரில் படிப்பார்கள், நம் மருந்தின் சிவப்பு அங்கேயும் கொஞ்சம் குறுக்கே வரும். தெரிந்த அளவு எண்டோடாக்ஸினைச் சேர்த்து, 50% முதல் 200%க்குள் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே 'இல்லை' என்று எழுதுங்கள்.

உங்கள் கையில் இருப்பது எம்.ஆர்.என்.ஏ. சுமக்கும் கொழுப்புத் துகள் என்றால் இதே பாதைதான், இரண்டு மூன்று இடங்களில் மாறும். உள்ளே வெளியே கணக்கை ரைபோக்ரீன் சாயத்தில் பார்ப்பார்கள். அது மொத்தத்தைத்தான் சொல்லும், எத்தனை துகள் காலி என்று சொல்லாது. அதற்கு ஒவ்வொரு துகளாகப் பார்க்கும் முறைகள் வேண்டும். 2021இல் மாடர்னா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையைத் தேடிப் படியுங்கள். கொழுப்பில் உள்ள மாசு ஒன்று எம்.ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்க வைப்பதைக் கண்டுபிடித்தார்கள். வழக்கமான கேப்பிலரி எலெக்ட்ரோஃபோரசிஸுக்குத் தெரியாதது அயனி-இணை குரோமட்டோகிராஃபியில் தனி உச்சியாகத் தெரிந்தது.

கடைசியாக, இவ்வளவு கருவியும் ஒரே லேபில் இருக்காது. கிரையோவுக்குப் பெங்களூரில் உள்ள தேசிய கிரையோ மையம் மாதிரியான இடங்களுக்கும், மற்றவற்றுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் பகுப்பாய்வுக் கருவி மையமான சைஃப் போன்ற பொது வசதிகளுக்கும் விண்ணப்பித்து, தேதி வாங்கி, குப்பியோடு போக வேண்டியிருக்கும். டிரை ஐஸில் வைக்கவே வைக்காதீர்கள், உறைந்துவிடும். ஃப்ரிட்ஜில் குளிர்வித்த ஜெல் பேக், அதற்கும் குப்பிக்கும் நடுவே துணியோ தெர்மகோலோ, கூடவே ஒரு வெப்பநிலைப் பதிவான். கிளம்பும் முன் ஒரு டி.எல்.எஸ்., போய்ச் சேர்ந்ததும் அங்கே ஒரு டி.எல்.எஸ். இரண்டும் ஒத்துவந்தால் கிரிட்டைத் தயார் செய்யச் சொல்லுங்கள்.